செபமாலைமுத்துவின் இரண்டு கதவு வண்டி

காற்று அடித்து வேலி சரிந்தால் லண்டனில் கோலியர்ஸ் வுட் பக்கத்தில் நாலு பேர் கூப்பிடுகிற ஆள் செபமாலைமுத்து. தமிழ் ஆட்கள் முத்து என்பார்கள். அவ்வளவு நீளப் பெயர் வாயில் நுழையாத வெள்ளைக்காரர் செப் என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் வந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், "ஆர் இதை நட்டது" என்று கேட்பார், பிறகு செய்து கொடுப்பார்.

ஊர் மன்னார், பேசாலை. பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. பத்தொன்பது வயதில் ஜெர்மனிக்குப் போய் பதினேழு வருடம் ஒரு இரும்புப் பட்டறையில் நின்றார். மகள் ஆங்கிலம் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தபோது இரும்பு வேலை கிடைக்கவில்லை. ஒரு ஐரிஷ்காரக் கிழவனோடு வேலி போடப் போனார். கிழவன் முழங்கால் தேய்ந்து வேலையை விட்டபோது குழி தோண்டும் சாமான்களையும் பழைய பிக்கப் வண்டியையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். தலையில் கட்டினான் என்றுதான் முத்து அப்போது நினைத்தார். கிழவன் செய்தது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது விளங்கப் பதினைந்து வருடம் சென்றது.

அது சின்ன வண்டி. இரண்டு கதவு, இரண்டு சீற், பின்னால் ஏழரை அடி நீளத்துக்குத் திறந்த பெட்டி. பெட்டியின் தளம் முத்துவின் முழங்காலுக்குச் சற்று மேலேதான். ஆறடி வேலிப்பலகை பத்தை நிமிர்த்தி அடுக்கிக் கட்டலாம். கொங்கிறீற் தூணை ஏற்றலாம். லண்டனில் வீட்டுப் பின்பக்கங்களில் பழைய கராஜ்களுக்குப் போகிற ஒழுங்கைகள் இருக்கின்றனவே, குப்பையும் முட்பற்றையுமாக, அதற்குள் கண்ணாடி உரசாமல் போகலாம்.

இரண்டாவது சீற் முதல் நாலு வருடம் கூலிக்கு வருகிற பொடியன்களுக்கு இருந்தது. பிறகு அது மனைவி கிளறிற்றாவுக்கு ஆனது. கிளறிற்றா ஒரு ஹோட்டலின் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்தவர். நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை, நாள் முழுக்க நீராவி. மூச்சு இழுக்கத் தொடங்கியது. டொக்டர் ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார். அந்த மாதத்தில் ஒரு நாள் கூலிப் பொடியன் வரவில்லை. "நான் வந்து பிடிக்கிறன்" என்று கிளறிற்றா வண்டியில் ஏறினார். திரும்ப அந்த நீராவிக்குள் போகவே இல்லை.

இரண்டு பேரும் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கதை பேச்சு இருக்காது. ஐம்பது அறுபது கிலோத் தூணை அவர்கள் தூக்குவதில்லை, நடத்துவார்கள். கிளறிற்றா பெட்டியில் இருந்து ஒரு நுனியைச் சரித்துவிட, முத்து மறுநுனியைத் தோளில் வாங்க, தூண் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் புரண்டு புரண்டு குழிக்கு வந்து சேரும். பிறகு கிளறிற்றா நீர்மட்டக் கோலை வைத்துக் குனிந்து பார்ப்பார். "உங்கட பக்கம்" என்பார். முத்து ஒரு விரற்கடை தள்ளுவார். "காணும்" என்றதும் நிறுத்துவார். அவ்வளவுதான். கிளறிற்றாவின் கண் பிழைவிட்டதே இல்லை. வாடிக்கைக்காரர்கள் முதலில் புருவத்தை உயர்த்துவார்கள். வேலை முடிந்ததும் தேநீர்க் கோப்பையை முதலில் கிளறிற்றாவிடம்தான் நீட்டுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் புகைக் கட்டணம் லண்டன் முழுவதற்கும் வந்தது. பழைய டீசல் வண்டி வாசலை விட்டு வெளிக்கிட்டாலே ஒவ்வொரு நாளும் கட்ட வேண்டும். ஒரு கணக்காளர் ஒபிஸில் வேலை செய்யும் மகள் பெனிற்றா, "அப்பா, உதை உடைக்கக் குடுத்திட்டு வேறை எடுங்கோ" என்றார். முத்து ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு நாலு கதவு பிக்கப். ஐந்து சீற். கறுப்பு நிறம். கராஜ் முற்றத்தில் பிக்கப் என்று நின்றதெல்லாம் அந்த இனம்தான்.

புது வண்டியைப் பங்குத்தந்தையிடம் கொண்டுபோய் மந்திரிப்பது வழக்கம். ஃபாதர் தீர்த்தம் தெளித்துச் செபித்து முடித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்ல இடம் இருக்கே. இனி எனக்கும் ஒரு சீற் வையுங்கோ" என்றார். முத்து அதைப் பகிடி என்று நினைத்தார்.

ஐந்து சீற் வண்டி வாங்கினால் எங்கள் ஆட்கள் மத்தியில் அது வாங்கியவனுக்குச் சொந்தமில்லை. ஜெர்மனியிலும் அப்படித்தான், பாரிஸிலும் அப்படித்தான், லண்டனிலும் அப்படித்தான். முத்துவுக்கு அது தெரியாமல் போனது, ஏனென்றால் அவர் பதினைந்து வருடமாக இரண்டு சீற் வண்டி ஓடியவர். அதில் ஒருவரும் ஏறக் கேட்டதில்லை. இப்போது ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் வண்டிக்குப் பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். "முத்து, பின்னாலை இடம் கிடக்குத்தானே?" கிடந்தது. என்ன சொல்ல? ஒருவருக்கு நோர்பரி, ஒருவருக்குத் தோர்ன்டன் ஹீத், இன்னொருவர் வழியில் கோழி இறைச்சி வாங்க வேண்டும். விமான நிலையம், செத்தவீடு, முழங்கால் ஒப்பரேஷன், பிள்ளையின் முதல் நன்மைச் சடங்குக்குக் கேக் ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் முத்துவின் வண்டி.

இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு வளையவில்லை. லண்டனுக்கு வந்த முதல் மாரி, வாகனம் இல்லாமல் சின்னப் பிள்ளையோடு பஸ் தரிப்பில் நனைந்து நின்ற காலத்தில், யேசுரட்ணம் என்கிற மனுஷன் ஞாயிறு தவறாமல் வந்து ஏற்றிக்கொண்டு போனவர். ஒரு நாள்கூட வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. அதை மறந்தால் சோறு இறங்குமா?

கோயில் ஆட்கள் போதாதென்று வெள்ளிக்கிழமைகளில் ஜெகதீஸ்வரி அக்காவும் சேர்ந்துகொண்டார். அவர் அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவர். சைவம். புருஷன் இறந்து பத்து வருடம், மகன்மார் இரண்டு பேரும் கனடாவில். முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு எடுத்தவர். வெள்ளிக்கு வெள்ளி லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போக இரண்டு பஸ்ஸும் ஒரு ரெயினும் எடுத்தவர், கறுப்பு வண்டியைக் கண்ட அடுத்த வெள்ளியே மல்லிகைச்சரப் பையோடு வாசலில் நின்றார். பின் சீற்றில் இருந்துகொண்டு வழி முழுக்க முத்துவின் ஓட்டத்தில் பிழை பிடிப்பார்.

"தம்பி, சிவப்பு."

"கண்டனான் அக்கா."

"கண்டால் கால் எடுபடவேணுமே. உம்மட கால் இன்னும் அக்சிலேற்றரிலைதான் கிடக்கு."

இவ்வளவையும் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது வேலைதான். புது வண்டியில் ஆட்களுக்கு இடம் கூடினபடியால் பெட்டி ஐந்தடியாகச் சுருங்கிப் போனது. பலகை பின்னால் துருத்திக்கொண்டு நின்றது. ஒழுங்கைக்குள் போனால் இரண்டு பக்கமும் கண்ணாடி மடிக்க வேண்டும்; இரண்டு தடவை மடித்தும் உரசியது. எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை உயரம். பெட்டியின் விளிம்பு கிளறிற்றாவின் நெஞ்சு மட்டத்துக்கு நின்றது. சரித்துவிட ஏலாது, நடத்த ஏலாது, தூக்கத்தான் வேண்டும். ஒரு நாள் தூண் அவருடைய கையை விட்டு வழுகி நடைபாதையில் விழுந்து இரண்டாகப் போனது. கால் தப்பியது பெரிய காரியம். அதன் பிறகு முத்து அவரைத் தூணுக்குக் கிட்ட விடவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவருக்குப் புது வேலையாக இருந்தது. பிடிக்கவில்லை.

ஆகவே முத்து மறுபடி இரண்டு கதவு வண்டி தேடத் தொடங்கினார். இரண்டு சின்னக் கதவு, ஒரு பதிந்த பெட்டி. உலகத்தில் இல்லாத சாமானா?

இல்லாத சாமான்தான். கராஜ்க்காரன் சிரித்தான். அதை இப்போது ஒருவரும் கேட்பதில்லை என்றான். "நான் கேக்கிறன்" என்றார் முத்து. அவன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த மாதம் இப்படிக் கேட்டு வந்த ஏழாவது ஆள் நீங்கள் என்றான்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் பெனிற்றாதான் விளங்கப்படுத்தினார்.

"கொம்பனி தன்ர ஆளுக்குக் கார் குடுத்தால் வரி கூட அப்பா. வான் குடுத்தால் குறைவு. நாலு கதவு பிக்கப்பை வரிக்காரர் இவ்வளவு காலமும் வான் எண்டுதான் கணக்கிலை எடுத்தவை. அப்ப முதலாளிமார் என்ன செய்வினம்? எல்லாரும் அதைத்தான் வாங்கினவை. கிழமை நாளிலை வேலை, சனி ஞாயிறு பிள்ளையளோடை கடற்கரை."

"அப்ப அதிலை மண் ஏத்துறேல்லையோ?"

"நாய் ஏத்துவினம்."

கிளறிற்றா சோற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப அந்தச் சலுகையை நிப்பாட்டிப்போட்டினம்" என்றார் பெனிற்றா. "ஆனா அதுக்குள்ளை வண்டிக் கொம்பனிக்காரர் சின்ன வண்டி செய்யிறதை விட்டிட்டாங்கள். புகையைச் சுத்தமாக்கிற சாமானுக்குச் சின்ன வண்டியிலையும் கிட்டத்தட்ட அதே செலவு. பெரிசிலை பூட்டினால் லாபம், சின்னனிலை பூட்டினால் நட்டம். பழசு இருக்குத்தான். டீசல். லண்டனுக்குள்ளை கொண்டு வந்தால் திரும்பக் கட்டணம்."

"பெற்றோல்?"

"பெற்றோல் எண்டால் இருவது வருசப் பழசும் கட்டணம் இல்லாமல் ஓடலாம். ஆனா பெற்றோலிலை பிக்கப் வந்ததே கொஞ்சம். வைச்சிருக்கிறவன் விடமாட்டான்."

வைச்சிருக்கிறவன் விடமாட்டான் என்பது மெய். ரூட்டிங்கில் ஒரு சிக்னலில் பக்கத்தில் அப்படியொரு வண்டி வந்து நின்றது. கூரை வேலைக்காரன் ஒருத்தன். முத்து கண்ணாடியை இறக்கி, விற்பாயா என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் தன் பின் கண்ணாடியைக் காட்டினான். "விற்பனைக்கு இல்லை. கேட்காதே" என்று கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்திருந்தான். லெஸ்டருக்கு ஒன்று பார்க்கப் போனார். விளம்பரத்தில் பெற்றோல் என்று இருந்தது. போய்ப் பார்த்தால் டீசல். அதையும் விட, அடி துருவேறிக் கறள் கட்டியிருந்தது, விரலை வைத்தால் விரல் உள்ளே போனது.

இந்த நிலைமையில் சிவதர்ஷன் வந்தான். நோர்பரியில் பெரிய வேலிக் கொம்பனி நடத்துகிறவன், வயது முப்பத்தைந்து, கெட்டிக்காரன். நாலு கூட்டம் ஆட்கள், கிறேன் வைத்த லொறி.

"அண்ணை, உங்கட கை எனக்கு வேணும். ஏன் தனியாக் கிடந்து மாயிறியள்? என்னோடை வாங்கோ. தூக்கிறதுக்கு மெஷின் இருக்கு."

"கிளறிற்றா?"

சிவதர்ஷன் தலையைச் சொறிந்தான். "அக்காவை ஏலாது அண்ணை. என்ர ஆக்கள் எல்லாம் பொடியள். அவையின்ரை கதையும் பாட்டும் அக்காவுக்குச் சரிவராது. லொறியிலை இடமும் இல்லை. ஓகஸ்ட் முதலாந்திகதிக்கு முதல் சொல்லுங்கோ. இல்லாட்டி வேறை ஆள் பாக்கோணும்."

அவனில் பிழை இல்லை. மனதோடுதான் கேட்டான். முத்துவுக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் குசினி மேசையில் ஒரு படிவம் கிடந்தது. பழைய ஹோட்டல் இல்லை, வேறொன்று. வேலை என்ற இடத்தில் துணி வெளுத்தல் என்று கிளறிற்றா உருண்டை எழுத்தில் நிரப்பியிருந்தார்.

"இதென்ன?"

"நீங்கள் அந்தப் பொடியனோடை போங்கோ" என்றார் கிளறிற்றா. "எனக்குத் தெரிஞ்ச வேலைதானே."

"உந்த மூச்சோடையோ?"

"மூச்சு இப்ப நல்லாத்தானே கிடக்கு."

நல்லாத்தான் கிடந்தது. பதினொரு வருடம் வெளிக்காற்றில் நின்றதால் நல்லாகக் கிடந்தது. முத்து வெளியே போய்க் கறுப்பு வண்டிக்குள் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தார். படிவத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கிறது லேசு, அதற்குப் பிறகு என்ன செய்வது?

ஜூலை மூன்றாம் வெள்ளி. லூயிஷாமுக்குப் போகும் வழி. பின் சீற்றில் ஜெகதீஸ்வரி அக்கா வழக்கம்போலத் தொடங்கினார்.

"தம்பி, லேன் மாறேக்கை கண்ணாடி பாக்கிற வழக்கம் இல்லையோ?"

"பாத்தனான்."

"நான் காணேல்லை. சரி, அதை விடும். முந்தநாள் நாங்கள் கோயில் பொம்பிளையள் கொஞ்சப்பேர் கென்ற் பக்கம் ஒரு தோட்டத்துக்குச் செறிப்பழம் ஆயப் போனனாங்கள். அங்கை நீர் இவ்வளவு நாளும் அழுதுகொண்டு திரியிற சாமான் ஒண்டு நிக்குது."

முத்து பிறேக் பிடித்தார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"இதுக்குத்தான் சொல்லுறது" என்றார் அக்கா. "ஓரமா விட்டிட்டுக் கேளும்."

ஓரமாக விட்டார். அக்கா போனை எடுத்துப் படம் காட்டினார். படம் நிறையச் செறிப்பழம். அதற்குப் பின்னால் அக்காவின் மச்சாள். மச்சாளுக்குப் பின்னால், இடுப்புக்கு அங்கால், வெள்ளைத் தகரம் கொஞ்சம் தெரிந்தது. முத்து விரலால் பெரிதாக்கினார். ஒரு பக்கத்துக் கதவு. கதவு முடிந்த உடனே பெட்டி. பெட்டிக்குள் பழக்கூடைகள். பெட்டியின் விளிம்பு மச்சாளின் இடுப்புக்குக் கீழே.

"மச்சாள் என்ன உயரம்?"

"என்ர தோளுக்கு வருவா. ஏன்?"

முத்து கணக்குப் பார்த்தார். கிளறிற்றாவும் அந்த உயரம்தான்.

"பெற்றோலோ டீசலோ அக்கா?"

"நான் என்ன, மணந்தே பாத்தனான்? நாளைக்குப் போவம். எனக்கும் ஒரு பெட்டி பழம் வேணும்."

சனிக்கிழமை மூன்று பேருமாகக் கறுப்பு வண்டியில் போனார்கள். தோட்டத்தின் சொந்தக்காரி எழுபது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரப் பெண். மழைச் சப்பாத்தும் கிழிந்த தொப்பியும். கொட்டிலுக்குப் பக்கத்தில் அந்த வண்டி நின்றது. முத்து வணக்கம் சொல்லவும் மறந்து நேரே போய் எரிபொருள் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். பெற்றோல். குனிந்து அடியில் கையை விட்டுப் பார்த்தார். இரும்பு இரும்பாகவே இருந்தது. இத்தாலியில் செய்த சின்னச் சாமான், பதினெட்டு வருடப் பழசு, தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே போகாதது.

"பல்லைக் காட்டிப்போடாதையும்" என்று ஜெகதீஸ்வரி அக்கா தமிழில் மெதுவாகச் சொன்னார். "பழசு, கறள், ஆருக்கு வேணும் எண்டு கதையும்."

முத்து நிமிர்ந்து சொந்தக்காரியைப் பார்த்து, ஒன்றரை வருடமாக இதைத்தான் தேடுகிறேன், இதைப்போல ஒன்று இங்கிலாந்தில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அக்கா வானத்தைப் பார்த்தார்.

சொந்தக்காரிக்கு யோசனை. விற்கிற எண்ணம் இருந்ததில்லை என்றார். கூடை இழுக்க வேறு ஒன்று வாங்கியாயிற்று, ஆனால் இது புருஷன் காலத்து வண்டி. கேட்டு வந்த இரண்டு பேரும் வாங்கி விற்கிற ஆட்கள், முகம் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன், இரண்டு கிழமை கழித்துக் கூப்பிடுங்கள் என்றார்.

இரண்டு கிழமை கழித்து ஓகஸ்ட் வந்துவிடும். முத்துவுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கெஞ்சிப் பழக்கம் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

கிளறிற்றா அங்கே இல்லை. அவர் தோட்டத்து வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்று அதைக் காலால் அமத்திக்கொண்டிருந்தார். வேலிக்காரர் எல்லாருக்கும் இருக்கிற வியாதி அது. சரிந்த தூணைக் கண்டால் சும்மா போக ஏலாது.

"இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோ. அடியிலை சீமெந்தே இல்லை. மண்ணுக்குள்ளை குத்திப்போட்டுப் போயிருக்கிறான்."

முத்து போய்ப் பார்த்தார். "ஆர் இதை நட்டது" என்று வழக்கம்போலக் கேட்டார். கொட்டில் ஓரத்தில் ஒரு மண்வெட்டியும் உடைந்த செங்கல்லும் கிடந்தன. ஒருவரையும் கேட்கவில்லை. இவர் தோண்டினார், அவர் செங்கல் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். கையில் நீர்மட்டக் கோல் இல்லை. கிளறிற்றா நாலு அடி தள்ளிப் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"உங்கட பக்கம்."

தள்ளினார்.

"கொஞ்சம் கூடிப்போச்சு. ஆ, காணும்."

இறுக்கி மண்ணை மிதித்தார்கள். அந்தத் தூணில் மாட்டிய வாசல் படலை, எத்தனையோ வருடமாக நிலத்தில் இழுபட்ட படலை, ஒரு விரலால் தள்ள மூடியது. சொந்தக்காரி அதைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தா வேலை செய்வது என்று கேட்டார். சேர்ந்துதான் செய்தோம், இப்போது இருக்கிற வண்டி இவவுக்கு உயரம், அதுதான் பிரச்சினை என்றார் முத்து. அவ்வளவுதான் சொன்னார். சொந்தக்காரி வீட்டுக்குள் போய்த் திறப்பையும் வண்டிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். சொன்ன விலைக்கு முத்து மறுபேச்சுப் பேசவில்லை. ஜெகதீஸ்வரி அக்கா மட்டும் ஆற மாட்டாமல் இரண்டு பெட்டி செறிப்பழம் மேலதிகமாக வாங்கிக்கொண்டார்.

பெனிற்றா போனில் இருந்தபடியே வரியும் இன்சூரன்ஸும் போட்டார். அதற்குப் பிறகுதான் முத்துவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. வண்டி இரண்டு. கிளறிற்றாவுக்கு வண்டி ஓடத் தெரியாது. கிடைக்கும் என்ற நம்பிக்கையே இல்லாமல் வந்தபடியால் இன்னொரு ஓட்டுநரைக் கூட்டிவர நினைக்கவில்லை.

"ஒண்டை விட்டிட்டு நாளைக்கு வருவம்" என்றார்.

"ஏன்?" என்றார் ஜெகதீஸ்வரி அக்கா. "என்னட்டை லைசென்ஸ் இருக்கு."

புருஷனும் மனைவியும் அவரைப் பார்த்தார்கள்.

"தொண்ணூற்றெட்டிலை எடுத்தனான். முதல் தரத்திலையே பாஸ். இவர் இருந்த காலத்திலை காரைத் தொட விடேல்லை, நான் கீறிப்போடுவன் எண்டு. பிறகு மகன்மார், அம்மாவுக்கு ஏன் கார் எண்டாங்கள். பத்து வருசத்துக்கு ஒருக்கால் அட்டையை மட்டும் புதுப்பிச்சு வைச்சிருக்கிறன்."

"அக்கா, இது பெரிய வண்டி."

"ஒவ்வொரு வெள்ளியும் பின்னாலை இருந்து இதைத்தானே ஓடிக்கொண்டு வந்தனான். திறப்பைத் தாரும்."

பெனிற்றா இன்னொரு தடவை போன் எடுத்து ஒரு நாள் இன்சூரன்ஸ் போட்டார். அக்கா தோட்டத்துக்குள்ளேயே நாலு சுற்று ஓடிப் பார்த்தார். பிறகு சீற்றை முன்னுக்கு இழுத்தார், கண்ணாடி மூன்றையும் சரிப்படுத்தினார், செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தார். முத்து முன்னால் போனார், சின்னத் தெருக்களாகப் பார்த்து. பக்கத்தில் கிளறிற்றா. பின் கண்ணாடியில் அந்தக் கறுப்பு வண்டி முப்பது மைலில், ஒரு சாண் பிசகாமல், பெருநாள் பவனி மாதிரி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருபது கார்.

"இண்டிக்கேற்றரைப் பாருங்கோ" என்றார் கிளறிற்றா. "உங்களை விட வடிவாப் போடுறா."

முத்து பின் கண்ணாடியைச் சரிப்படுத்திவிட்டுத் தானும் இண்டிக்கேற்றரைப் போட்டார்.

கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து சேர்ந்தும் அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இதை இனி என்ன செய்யப்போறீர்?"

"விக்கிறதுதான்."

"அப்ப வேறை ஆக்களுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார்.

முத்து வண்டிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா" என்றார்.

"என்ன?"

"நீங்கள் மட்டும் அண்டைக்குச் சொல்லாட்டி…"

"சொல்லாட்டி வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஓடிக்கொண்டு போக எனக்கு இந்த வண்டி எப்பிடிக் கிடைக்கிறது? விசர்க் கதை கதையாமல் பழப்பெட்டியை இறக்கும்."

எங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே நன்றி சொல்ல வராது. சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தெரியாது. ஆனால் கத்தோலிக்கருக்கு ஒரு வழி இருக்கிறது. மறுநாள் ஞாயிறு முத்து நேரத்தோடு போய் ஒரு காணிக்கை உறையில் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தார். யாருக்காக என்ற இடத்தில் ஜெகதீஸ்வரி என்று எழுதினார். ஐரிஷ்காரக் கிழவனையும் யேசுரட்ணத்தையும் தோட்டக்காரியையும்கூட நினைத்தார். ஆனால் உறையில் இடம் ஒரு வரிதான்.

ஃபாதர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவவை எனக்குத் தெரியேல்லையே. எந்தப் பங்குக் கோயில்?"

"லூயிஷாம் சிவன் கோயில் பங்கு, ஃபாதர்."

ஃபாதர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பிறகு உறையை மடித்துப் பையில் வைத்தார். பூசையில் அந்தப் பெயரைத் தெளிவாக வாசித்தார். கிளறிற்றா முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முத்து அன்றைக்குப் பூசை முடியுமட்டும் தலையை நிமிர்த்தவில்லை.

திங்கட்கிழமை வேலை நோர்பரியில், வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள். இரண்டு பக்கமும் முட்பற்றை. வெள்ளை வண்டி கண்ணாடி மடிக்காமலே உள்ளே போய் நின்றது. கிளறிற்றா இறங்கிப் பெட்டியின் பின் தகட்டை விழுத்தினார். விளிம்பு அவருடைய தொடை மட்டத்துக்கு நின்றது. முதல் தூணில் கையை வைத்தார், ஒரு கணம் அப்படியே நின்றார், பிறகு சரித்தார். முத்து தோளில் வாங்கினார். தூண் நடந்து போய்க் குழிக்குள் இறங்கியது. சீமெந்து ஊற்றினார்கள். கிளறிற்றா கோலை வைத்துக் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சிவதர்ஷன்.

"அண்ணை, என்ன முடிவு? மாதம் முடியப்போகுது."

"இல்லைத் தம்பி. வண்டி கிடைச்சிட்டுது. நாங்கள் இரண்டு பேருமாப் பாத்துக்கொள்ளுறம். நீர் கேட்டது பெரிய காரியம், அதை மறக்க மாட்டன்."

"இரண்டு கதவோ?" என்றான்.

"ஓம்."

"பெற்றோலோ?"

"ஓம்."

"எங்கை அண்ணை எடுத்தனீங்கள்? இன்னொண்டு இருக்கோ? என்ர லொறி ஒழுங்கையளுக்குள்ளை போகுதில்லை."

"இஞ்சருங்கோ" என்றார் கிளறிற்றா, கோலில் இருந்து கண்ணை எடுக்காமல். "கதையைப் பிறகு வைச்சிருங்கோ. சீமெந்து இறுகுது. உங்கட பக்கம்."

முத்து போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் தூணை ஒரு விரற்கடை தள்ளினார்.